பரவல் வலையமைப்பில் நடுவில் நின்று உழைப்பது எப்படி: மட்டக்களப்பில் தொடங்குவோருக்கு

இந்தக் கட்டுரையை இறுதிவரை வாசிக்காமல் புதிய ஹார்ட் டிஸ்க் எதனையும் வாங்கிவிட வேண்டாம். கல்லடியில் எங்கள் வீட்டின் முன்னறையில் ஒரு பழைய கணினியை வைத்து, எங்கோ இருக்கும் ஒருவரின் கோப்புகளைச் சேமித்துக் கொடுத்தால் மாதாமாதம் டொலர் வரும் என்று நம்பி நான் இறங்கியபோது, இதைச் சொல்லித்தர எவரும் இருக்கவில்லை. ஒன்றரை வருடம் அலைந்த பிறகே, இந்தத் தொழிலில் காசு எந்த இடத்தில் தங்குகிறது என்பது எனக்குப் பிடிபட்டது. கணினி வைத்திருப்பவரிடம் அது அதிகம் தங்குவதில்லை. வாங்குபவருக்கும் கணினி வைத்திருப்பவருக்கும் நடுவில் நின்று, பொறுப்பேற்று, கட்டணப் பட்டியல் எழுதிக் கொடுப்பவரிடமே தங்குகிறது.

1. காசு யாருடைய பையிலிருந்து வருகிறது என்று பாருங்கள்

பரவல் வலையமைப்பு என்பது, ஒரு நிறுவனத்தின் தரவு மையத்துக்குப் பதிலாக, பல்லாயிரம் பேரின் சொந்தக் கணினிகளைச் சேர்த்துச் சேமிப்பிடமாகவோ கணிப்புத் திறனாகவோ விற்கும் ஏற்பாடு. வாங்குபவருக்கு அந்தப் பல்லாயிரம் பேரையும் தெரியாது, தெரிந்துகொள்ளும் தேவையும் இல்லை. ஆகவே கணக்கு வைப்பவர், கட்டணம் வசூலிப்பவர், கோப்பு பத்திரமாக இருக்கிறதா என்று சோதிப்பவர் என ஒருவர் நடுவில் தேவைப்படுகிறார்.

அவர் உழைக்கும் வழிகள் மூன்று. ஒன்று, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலுள்ள இலாபம். இரண்டாவது தரகு. எதேரியம் என்ற மெய்நிகர் நாணய வலையமைப்பில் பிறரின் நாணயங்களைத் திரட்டிப் பிணையாக வைக்கும் லிடோ என்ற சேவை, கிடைக்கும் வெகுமதியில் 10% ஐ எடுத்துக்கொள்கிறது. த கிராஃப் வலையமைப்பில் தரவை வரிசைப்படுத்திக் கொடுப்பவர் குறைந்தது 100,000 ஜிஆர்டி டோக்கனை, அதாவது அந்த வலையமைப்பின் சொந்த மெய்நிகர் நாணயத்தை, பிணை வைத்து, தம்மிடம் டோக்கனை ஒப்படைத்தவர்களின் வருமானத்திலும் ஒரு பங்கைப் பெறுகிறார். மூன்றாவது, வலையமைப்பு புதிதாக வெளியிடும் டோக்கன். ஃபைல்கொயின் போன்ற சேமிப்பு வலையமைப்புகளில் சேமிப்பவருக்கு வரும் வருமானத்தில் இதுவும் பெரும் பகுதி. அதற்கும் முன்கூட்டியே பிணை வைக்க வேண்டும், இயந்திரம் நின்றால் பிணையில் வெட்டு விழும்.

இவற்றுள் முதலாவது மட்டுமே நம் ஊர்ச் சரக்குக் கடை வியாபாரத்தைப் போன்றது. மற்றவை இரண்டுக்கும் பெருந்தொகை டோக்கன் கையிலிருக்க வேண்டும்; புதிதாக வருபவர் அவற்றின் பக்கம் போக வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஸ்டோர்ஜ் என்ற சேமிப்பு வலையமைப்பில் எனக்குக் கிடைத்த பாடத்தைச் சொல்கிறேன். அங்கே நடுவில் நிற்பவரைச் ‘சாட்டிலைட்’ என்கிறார்கள். வானத்தில் சுற்றுவது அல்ல, கணக்கு வைக்கும் ஒரு சேவையகம். வாடிக்கையாளர் ஒரு டெராபைட்டைத் தரவிறக்கினால் 7 டொலர் செலுத்திய காலத்தில், அதே தரவை அனுப்பிய கணினிக்காரருக்கு 20 டொலர் கொடுக்கப்பட்டது. 7 ஐ வாங்கி 20 ஐக் கொடுக்கும் கடை எத்தனை நாள் ஓடும்? 2023 இல் அந்த 20 டொலர் படிப்படியாக 2 டொலராகக் குறைக்கப்பட்டது. அதற்கு முன் எடுக்கப்பட்ட காணொளிகள் இன்றும் இணையத்தில் கிடக்கின்றன, அவற்றைப் பார்த்துத்தான் நானும் ஏமாந்தேன். எந்த வலையமைப்பானாலும் வாடிக்கையாளரின் விலைப் பக்கத்தையும், கணினிக்காரருக்கான கொடுப்பனவுப் பக்கத்தையும் அருகருகே திறந்துவைத்துக் கழித்துப் பாருங்கள். விலையைவிடக் கொடுப்பனவு கூடுதலாக இருந்தால் அந்த வருமானம் குறையப்போகிறது என்று அர்த்தம்.

2. பழைய கணினியில் ஒரு முனையம் வைத்துப் பழகுங்கள்

முனையம் என்பது வலையமைப்போடு சேர்ந்து பிறரின் தரவைச் சேமிக்கும் உங்கள் கணினி. அதை வைப்பது உழைப்பதற்காக அல்ல, பழகுவதற்காக. சரக்கு எப்படி வைக்கப்படுகிறது என்று தெரியாமல் அதை விற்க முடியாது. ஸ்டோர்ஜ் முனையத்துக்குக் குறைந்தது 550 கிகாபைட் வெற்றிடம், எப்போதும் இயங்கும் கணினி, வெளியிலிருந்து அணுகக்கூடிய 28967 ஆம் இலக்கப் போர்ட் (தரவு வந்துபோகும் வாசல்) ஆகியவை வேண்டும்.

நான் ஒரு மாதம் சிக்கிக் கிடந்தது இந்த மூன்றாவதிலேதான். ரவுட்டரில் போர்ட்டைத் திறந்தேன், கணினியின் தடுப்புச் சுவரிலும் (ஃபயர்வோல்) திறந்தேன், முனையம் ‘ஒஃப்லைன்’ என்றே நின்றது. இணைய இணைப்புத் தந்த நிறுவனத்தின் அவசர இலக்கத்துக்கு நான்கு முறை அழைத்தும், ரவுட்டரை நிறுத்திப் போடுங்கள் என்பதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை. பிறகு ஒரு நாள் ரவுட்டரின் நிலைப் பக்கத்தை நிதானமாகப் பார்த்தபோது, வெளிமுகவரி 100.72 என்று தொடங்கியது. 100.64 தொடக்கம் 100.127 வரையுள்ள முகவரிகள், பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுக்கும்போது உள்ளே பயன்படுத்துவதற்கென ஒதுக்கப்பட்டவை. அப்படிப்பட்ட இணைப்பில் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து எவரும் உங்கள் கதவைத் தட்ட முடியாது. ஆகவே முதலில் இந்த முகவரியைப் பாருங்கள், 100 இல் தொடங்கும் அந்த வரிசைக்குள் இருந்தால், பொது முகவரி தருவார்களா, அதற்கு மாதம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். ஒரே தெருவில் அண்ணனும் தம்பியுமாக இரண்டு முனையம் வைப்பதிலும் பயனில்லை. முகவரியின் முதல் மூன்று பகுதிகள் ஒன்றாக இருந்தால் வலையமைப்பு அவற்றை ஒரே இடமாகக் கொண்டு தரவைப் பங்கிட்டுக் கொடுக்கும்.

மின்கட்டணத்தையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். 60 வோட் எடுக்கும் பழைய மேசைக் கணினி 30 நாளில் 43 அலகு செலவழிக்கும். வீட்டுப் பாவனை 85 அலகாக இருந்தால் அது 128 ஆகும். 90, 120 என்ற இரண்டு கட்டணப் படிகளை ஒரே பாய்ச்சலில் கடந்துவிடுவீர்கள், நிலையான கட்டணமும் கூடும். 20 வோட்டுக்குள் இயங்கும் சிறு கணினி என்றால் 14 அலகோடு போய்விடும். கல்லடிப் பக்கம் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருப்பதால் உப்புக்காற்றில் மின்விசிறியின் அச்சு விரைவில் துருப்பிடிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து துடையுங்கள்.

3. வரும் தொகையைச் செலவுக் கணக்கில் சேர்க்காதீர்கள்

ஸ்டோர்ஜ் முனையத்தில் ஒரு டெராபைட் முழுவதும் நிரம்பி ஒரு மாதம் இருந்தால் 1.50 டொலர். 4 டெராபைட் நிரம்பினால் 6 டொலர், டொலரை 300 ரூபா என்று வைத்தால் 1,800 ரூபா. ஆனால் நிரம்புவதற்கே பல மாதம் எடுக்கும், புதிய முனையத்துக்குச் சோதனைக் காலத்தில் சிறு பங்கு தரவே வரும். அதற்கு மேல் முதல் மூன்று மாதம் உழைத்ததில் 75%, அடுத்த மூன்று மாதம் 50%, அதற்கடுத்த மூன்று மாதம் 25% பிடித்துவைக்கப்படும். அதில் பாதி 15 ஆம் மாதத்துக்குப் பிறகு திரும்பும், மீதி நீங்கள் ஒழுங்காக விடைபெற்றுச் சென்றால் மட்டுமே. இடையில் டிஸ்க் செத்துத் தரவு போனால் அதுவும் போனதுதான்.

கொடுப்பனவு டோக்கனாகவே வரும். இலங்கை மத்திய வங்கி மெய்நிகர் நாணயங்களுக்கு அங்கீகாரம் அளிக்கவில்லை. 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வெளியிடப்பட்ட 2021 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கப் பணிப்புரையின்படி, பற்றட்டையையோ கடனட்டையையோ மெய்நிகர் நாணயக் கொடுக்கல் வாங்கலுக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை. டோக்கனை மாற்றித் தருகிறோம் என்று சமூக வலைத்தளங்களில் வருவோரிடம் காசைக் கொடுத்துவிட்டு முறையிட இடமில்லாமல் நிற்காதீர்கள். நான் அந்தச் சில டொலர்களைப் பழகியதற்கான அடையாளமாக அப்படியே விட்டிருக்கிறேன்.

4. ரூபாவில் கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளரைத் தேடுங்கள்

உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. வலையமைப்பிடம் சேமிப்பிடத்தை மொத்தமாக வாங்கி, அதைப் பயன்படுத்தத் தெரியாத, தெரிந்துகொள்ள நேரமில்லாத ஒருவருக்குப் பேக்கப் சேவையாக விற்பதே நம் நிலையிலுள்ளவருக்குப் பொருந்தும் இடைச்சேவை. அவருக்கு டோக்கன், சாட்டிலைட், முனையம் என்ற சொற்கள் எதுவும் தேவையில்லை. “உங்கட வீடியோ பத்திரமா இருக்கும், கேட்ட நேரம் எடுத்துத் தருவன்” என்பதுதான் அவருக்கு வேண்டிய ஒரே வசனம்.

கல்முனை தொடக்கம் ஏறாவூர் வரை பிரதான வீதியில் ஒருமுறை போய்ப் பாருங்கள். எத்தனை ஸ்டூடியோக்கள்! ஒரு திருமணத்துக்கு இரண்டு கெமரா, ஒரு ட்ரோன் என்று எடுத்தால் 300, 400 கிகாபைட் சாதாரணம். அலுமாரியில் பெயர் ஒட்டிய ஹார்ட் டிஸ்க்குகள் அடுக்கியிருக்கும். அவற்றில் எது திறக்கும், எது திறக்காது என்பது உரிமையாளருக்கே தெரியாது. இவர்களிடம்தான் முதலில் செல்லுங்கள். மருந்தகம், தனியார் சிகிச்சை நிலையம் ஆகியவற்றின் பதிவுகளைத் தொடக்கத்தில் எடுக்காதீர்கள். நோயாளரின் விபரம் கைமாறினால், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் பொறுப்புகள் உங்கள் தலையிலும் விழும்.

வலையமைப்புக்கான கட்டணத்தை அட்டையால் டொலரில் செலுத்துங்கள். அது சேவைக்கான கட்டணம். ‘டோக்கனாகச் செலுத்தினால் சலுகை’ என்ற தெரிவைத் தொட வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான்.

5. பத்திரங்கள்

வியாபாரப் பெயர்ப் பதிவு இல்லாமலும் முதல் இரண்டு வாடிக்கையாளரைப் பிடிக்கலாம், மூன்றாமவர் வியாபாரப் பெயரில் கட்டணப் பட்டியல் கேட்பார். உங்கள் பிரதேச செயலகத்தில் விண்ணப்பத்தைப் பெறுங்கள். கல்லடியில் இருப்பவருக்கு அது மண்முனை வடக்கு, ஆரையம்பதியில் இருப்பவருக்கு மண்முனைப்பற்று. தேசிய அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், தொழில் நடக்கும் இடத்தின் உறுதிப் பிரதி அல்லது வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை ஒன்றாக எடுத்துச் செல்லுங்கள். வீடு அம்மாவின் பெயரில் இருப்பதை யோசிக்காமல் சென்று ஒரு நாளை வீணாக்கினேன். அப்படியென்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதமும் அவருடைய அடையாள அட்டைப் பிரதியும் வேண்டும். கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில் இருக்கும் நாட்களைக் கேட்டறிந்த பின்னரே செல்லுங்கள்.

பதிவுச் சான்றிதழ் கிடைத்தவுடன் அந்தப் பெயரில் வங்கிக் கணக்கைத் திறவுங்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தை இலவசமாகப் பெறலாம். 2025 ஏப்ரல் முதல் தனிநபருக்கான வருடாந்த வரி விலக்கு 1,800,000 ரூபா என்பதால் தொடக்கத்தில் வரி வராது. ஆனாலும் வரவு செலவுக் குறிப்பை முதல் நாளிலிருந்தே எழுதுங்கள்.

வாடிக்கையாளருடன் ஒரு பக்க ஒப்பந்தம் கட்டாயம் வேண்டும். எந்தக் கோப்புகள், எத்தனை டெராபைட், கேட்டால் எத்தனை நாளில் திருப்பித் தருவீர்கள், சாவியை (கோப்புகளைப் பூட்டும் கடவுச்சொற்றொடரை) யார் வைத்திருப்பார், கட்டணம் தவறினால் எத்தனை நாள் கழித்து அழிப்பீர்கள் என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும். கடைசியானதை எழுத வெட்கப்பட்டு, எட்டு மாதம் ஒருவரின் தரவை என் கைக்காசில் வைத்திருந்தேன்.

6. விலை

விலைப் பக்கத்தை ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் முன் புதிதாகப் பாருங்கள். ஸ்டோர்ஜ் நீண்ட காலம் டெராபைட்டுக்கு மாதம் 4 டொலர் வாங்கியது, பின்னர் மாற்றியது. கணக்குக்காக வாங்கும் விலை 6 டொலர், வாடிக்கையாளருக்கு 2 டெராபைட் என்று வைப்போம். 12 டொலர், 300 வீதம் 3,600 ரூபா. வங்கி அட்டைக்கான மாற்றுக் கட்டணம், முத்திரைத் தீர்வை ஆகியவற்றுக்காக 6% ஒதுக்கினால் 3,816 ரூபா. தரவைத் திருப்பி எடுக்கும் செலவுக்கு 500 ரூபா ஒதுக்குங்கள். 7,500 ரூபா வாங்கினால் மாதம் 3,184 ரூபா நிற்கும். பத்து ஸ்டூடியோ சேர்ந்தால் அது ஒரு வருமானம், ஒன்று மட்டும் என்றால் எரிபொருள் செலவு.

டொலர் ஏறினால் விலை ஏறும் என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். 2022 இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனதை நாம் கண்டவர்கள். மாதாமாதம் வசூலிக்க ஓடுவதைவிட ஆறு மாதத்துக்கு முற்பணம் வாங்குவது நல்லது. தை பிறந்து திருமணங்கள் தொடங்கி ஸ்டூடியோக்காரரின் கையில் முற்பணம் புழங்கும் நேரத்தில் கேட்டால் கிடைக்கும், ஆடியில் கேட்டால் கிடைக்காது.

7. ஏற்றுவதற்கான நாட்களைக் கணக்கிடுங்கள்

400 கிகாபைட்டை 10 எம்பிபிஎஸ் பதிவேற்ற வேகத்தில் அனுப்ப, ஒரு நொடியும் தடைப்படாமல் இருந்தாலே 89 மணித்தியாலம், அதாவது நான்கு நாள் ஆகும். இதைச் சொல்லாமல் “நாளைக்கு ஏத்தி விடுறன்” என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்றுண்டு. ஸ்டோர்ஜ் ஒவ்வொரு கோப்பையும் துண்டுகளாக்கி வெவ்வேறு கணினிகளில் வைக்கிறது. நீண்ட காலம் இருந்த முறையில் 80 துண்டுகள் வைக்கப்பட்டன, அவற்றுள் எந்த 29 கிடைத்தாலும் கோப்பு மீளும். அந்த முறையில் உபரித் துண்டுகளை ஆக்குவது உங்கள் கணினி என்றால் 400 கிகாபைட்டுக்கு ஏறத்தாழ 1.1 டெராபைட் உங்கள் இணைப்பு வழியாக வெளியே போகும். நான்கு நாள் பத்து நாளாகும், மாத டேட்டா அளவும் அத்துடன் முடியும். ஸ்டோர்ஜின் நேரடி மென்பொருளைப் பயன்படுத்தினால் இப்படித்தான் நடக்கும். ஸ்டோர்ஜின் இடைச் சேவையகமான எஸ்3 நுழைவாயில் வழியாக அனுப்பினால் 400 மட்டுமே போகும், துண்டாக்கும் வேலையை நுழைவாயில் செய்யும். அந்த வழியில் குறியாக்கமும், அதாவது கோப்பைப் பூட்டும் வேலையும், நுழைவாயிலிலேயே நடப்பதால், நான் ஆர்குளோன் என்ற இலவச மென்பொருளால் கோப்புகளை முதலில் என் கணினியிலேயே பூட்டி, அதன் பிறகு அனுப்புகிறேன்.

புகைப்படங்களை ஒவ்வொன்றாக ஏற்றுவதும் தவறு. ஒரு துண்டுத் தொகுதி 64 மெகாபைட் வரை கொள்ளும். 8 மெகாபைட் படமும் ஒரு தொகுதியாகவே எண்ணப்படுவதால் தொகுதிகளின் எண்ணிக்கை வீணாகக் கூடும். ஒரு திருமணத்தின் படங்களை ஒரே பொதியாகக் கட்டி அனுப்புங்கள், ஒரு படத்துக்காக முழுப் பொதியையும் இறக்க நேரும் என்பதை வாடிக்கையாளருக்கு முன்பே சொல்லுங்கள். மார்கழியில் திருமணங்கள் இல்லாததால் பழைய டிஸ்க்குகளை ஏற்ற அதுவே நல்ல காலம் என்று நினைத்தேன். வாடைக்காற்றும் மழையும் மின்வெட்டுமாக அந்த மாதம் பாதியில் அறுந்த ஏற்றங்களே மிஞ்சின. விட்ட இடத்திலிருந்து தொடரும் மென்பொருளும் ரவுட்டருக்குச் சேர்த்து ஒரு யூபிஎஸ்ஸும் இல்லாமல் இதைச் செய்ய முடியாது.

8. சாவி

கோப்புகளைப் பூட்டும் கடவுச்சொற்றொடரை நாமே வைத்திருக்கும் முறையில், சாட்டிலைட்டிடம் அது இருப்பதில்லை. மறந்துவிட்டால் மீட்டுத்தர உலகில் எவரும் இல்லை. என் முதல் வாடிக்கையாளரின் 180 கிகாபைட்டுக்கான சொற்றொடரை நான் கைபேசிக் குறிப்பில் மட்டும் வைத்திருந்தேன், கைபேசி பழுதாகித் திருத்தும் இடத்தில் எல்லாம் அழிந்தது. நினைவிலிருந்ததை வைத்துத் திறந்தபோது பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. கோப்புகள் இருந்த இடம் வெறுமையாகத் தெரிந்தது. தவறான சொற்றொடருக்கு அந்த அமைப்பு அப்படித்தான் காட்டும் என்று தெரியாமல், தரவு அழிந்துவிட்டதென ஒரு முழு இரவு விழித்திருந்தேன். உள்ளே இருந்தும் எட்டாத தரவு அழிந்த தரவுக்குச் சமம்தான். ஸ்டூடியோக்காரர் மூல டிஸ்க்கை இன்னும் அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பினேன். திரும்ப ஏற்ற 40 மணித்தியாலம் போனது, அவருடைய கடையில் குடித்த தேநீர் எத்தனை என்று எண்ணவில்லை.

இப்போது சொற்றொடரைத் தாளில் இரு பிரதி எழுதுகிறேன். ஒன்று உறையில் ஒட்டி வாடிக்கையாளரிடம், அவர் கையொப்பத்துடன். மற்றையது வீட்டில் நகைப்பெட்டியில். ஏற்றி முடிந்ததும் வேறொரு கணினியில் அந்தத் தாளைப் பார்த்தே தட்டச்சு செய்து, ஒரு பொதியை இறக்கித் திறந்து காட்டிய பின்னரே மூல டிஸ்க்கைப் பற்றி அவர் முடிவெடுக்கலாம் என்கிறேன். அப்போதும் முப்பது நாள் பொறுக்கச் சொல்கிறேன்.

9. வாடிக்கையாளர் விலகும்போது

தரவை இறக்குவதற்கு வலையமைப்பு தனியாகக் கட்டணம் அறவிடும்; நடுவில் நிற்பவருக்குக் கணிசமான வருமானம் வரும் இடமும் இதுதான், நட்டம் வரும் இடமும் இதுதான். 2 டெராபைட்டையும் ஒரே தடவையில் கேட்டால் அந்த மாதக் கட்டணப் பட்டியல் இரண்டு மடங்கைத் தாண்டலாம். ஒப்பந்தத்தில் வருடத்துக்கு இத்தனை கிகாபைட் இலவசம், அதற்கு மேல் அன்றைய டொலர் விலையுடன் என் கூலி என்று எழுதியிருக்கிறேன். விலகுபவர் புதிய டிஸ்க் ஒன்றைக் கொண்டுவர வேண்டும், பதினான்கு நாள் தவணை. ஒப்படைக்கும்போது பொதிகளின் பட்டியலை அச்சிட்டு, ஒவ்வொன்றும் திறக்கிறதா என்று அவர் முன்னிலையில் பார்த்துக் கையொப்பம் வாங்கிய பிறகுதான் வலையமைப்பிலிருந்து அழிக்க வேண்டும். உறையிலுள்ள சாவித் தாளையும் அன்றே திரும்பப் பெற்று, அவர் கண்முன்னே கிழித்துவிடுங்கள்.